கொங்கு நாட்டுக் கிரிக்கெட்டும் வீரர் ஏலமும்

விளையாட்டு வீரர் ஒருவரின் ஓராண்டு ஊதியம் பொதுவெளியில் ஏலம் விடப்பட்டு முடிவாகும் முறை இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த பணம் தகுமா தகாதா என்னும் விவாதமும் அன்றே ரசிகர்களிடையே தொடங்கிவிட்டது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் இவ்விவாதத்துக்குத் தனி வரலாறு உண்டு. இப்பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பந்துவீச்சாளர் ஒருவரின் விலை நாடெங்கும் கேள்விக்குள்ளானது. தமிழ்நாடு பிரீமியர் லீகின் முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை கொடுத்து வீரரை வாங்கியதும் கோவை அணிதான்.

ஏலம் கொங்கு மக்களுக்குப் புதிதன்று. ஈரோட்டு மஞ்சள், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, கண்ணபுரம் சந்தையில் விற்கப்படும் காங்கேயம் மாடு எல்லாம் கண்முன் தரம் பார்த்து விலை பேசப்படுபவை. மஞ்சளில் விரலி வேறு, கிழங்கு வேறு. மாட்டுக்குச் சுழியும் பல்லும் பார்ப்பார்கள். வீரர் ஏலத்தில் விலை முதலில் வருகிறது, ஆட்டம் பிறகுதான் வருகிறது. விலைக்கும் ஆட்டத்துக்கும் இடையிலான அந்தச் சில மாதங்களில்தான் ரசிகர் விவாதம் வளர்கிறது.

ஏலத்துக்கு முந்தைய காலம்

ஏலம் வருவதற்கு முன் தமிழகக் கிரிக்கெட் வீரரின் வாழ்வாதாரம் பெரும்பாலும் நிறுவன வேலையைச் சார்ந்திருந்தது. சென்னை லீக் போட்டிகளில் வங்கிகளும் தொழில் நிறுவனங்களும் அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடுபவருக்கு அங்கே வேலை கிடைக்கும். மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவையே அவருடைய 'விலை'. அந்தத் தொகை வெளியே தெரியாது என்பதால் அதைப் பற்றிய வாதமும் எழவில்லை. ரசிகர்கள் பேசியது யாரைத் தேர்வு செய்தார்கள், யாரை விட்டார்கள் என்பது பற்றியே.

இந்த முறையில் கொங்கு இளைஞருக்கு ஒரு தடை இருந்தது. லீக் போட்டிகள் சென்னையில் நடந்ததால், சேலத்திலோ கோவையிலோ ஆடுபவர் தேர்வாளர் கண்ணில் பட வேண்டுமானால் ஊரை விட்டுச் சென்னைக்குப் போய்த் தங்க வேண்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாதவரின் ஆட்டம் டென்னிஸ் பந்துப் போட்டிகளோடு முடிந்துபோனது.

2008: விலை பொதுவெளிக்கு வந்தது

இந்தியன் பிரீமியர் லீகின் முதல் வீரர் ஏலம் 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்தது. ஒவ்வோர் அணியும் செலவிடத்தக்க தொகைக்கு 50 இலட்சம் அமெரிக்க டாலர் என வரம்பு விதிக்கப்பட்டது. சச்சின், கங்குலி, திராவிட், சேவாக், யுவராஜ் ஆகியோர் தத்தம் ஊர் அணிகளின் அடையாள வீரர்களாக ஒதுக்கப்பட்டதால் ஏலத்துக்கு வரவில்லை. சென்னை அணிக்கு அப்படி யாரும் இல்லை. அடையாள வீரருக்கு, அணியில் அதிக விலை பெற்றவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சுமை இல்லாத சென்னை, மகேந்திர சிங் தோனியை 15 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுவே. மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டை ஒரே வீரருக்குக் கொடுப்பது அறிவுடைமையா என்ற கேள்வி அன்று எழுந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சென்னை அணி ஐந்து கோப்பைகளை வென்றபின் அக்கேள்வி மறைந்தது.

ஏலத்தில் சொல்லப்படும் தொகை வீரரின் ஓராண்டு ஊதியம். அடுத்த ஆண்டும் அணி அவரை வைத்துக்கொண்டால் அதே தொகை தொடரும். விடுவித்தால் அவர் மீண்டும் ஏலத்துக்குச் செல்வார். எனவே தவறான கொள்முதல் ஓர் அணியைப் பல ஆண்டுகள் அழுத்துவதில்லை. ஆனால் ஏலத் தொகைக்கு வரம்பு இருப்பதால், ஒருவருக்குக் கொடுத்த கோடி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத கோடி ஆகிறது. ரசிகர் விவாதத்தின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

சென்னை அணியின் பெருவிலைகள்

கொங்கு நாட்டு ரசிகர்களில் பெரும்பாலோர் ஐ.பி.எல்.லில் சென்னை அணியைத் தம் அணியாகக் கொண்டவர்கள். அவ்வணி கொடுத்த பெரிய விலைகளின் வரலாறு ஒரே திசையில் செல்வதில்லை.

2009-இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை 15.5 இலட்சம் டாலருக்குச் சென்னை வாங்கியது. அவர் மூன்று ஆட்டங்களோடு காயமடைந்து நாடு திரும்பினார். 2012-இல் ரவீந்திர ஜடேஜாவுக்கு 20 இலட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. அவர் அப்போது இந்திய அணியில் நிலைபெறாதவர் என்பதால் அந்த விலை மிகை என்று பலரும் கருதினர். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் எடுத்துக் கோப்பையை வென்று தந்தவர் அவரே.

2021-இல் கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கௌதம் 9.25 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டு, அத்தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆயினும் சென்னை அவ்வாண்டு கோப்பை வென்றது. 2022-இல் தீபக் சாஹர் 14 கோடிக்கு வாங்கப்பட்டுக் காயத்தால் தொடர் முழுவதும் ஆடவில்லை. சென்னை ஒன்பதாம் இடம் பெற்றது. 2023-இல் பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடிக்கு வந்து இரண்டு ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். சென்னை கோப்பை வென்றது. அதே தொடரில் 19 விக்கெட் எடுத்த இலங்கையின் மதீஷ பத்திரன, முந்தைய ஆண்டு மாற்று வீரராக 20 இலட்சத்துக்குச் சேர்க்கப்பட்டவர். 2025-இல் ரவிச்சந்திரன் அஸ்வின் 9.75 கோடிக்குத் தாய் அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு சென்னை கடைசி இடத்தில் முடித்தது.

இந்தப் பட்டியலில் இருந்து எந்தக் கட்சிக்காரரும் தமக்கு வேண்டிய சான்றை எடுத்துக்கொள்ளலாம். பெருவிலை வீண் என்பவர் ஃபிளின்டாஃபையும் ஸ்டோக்ஸையும் காட்டுவார். பொறுமை வேண்டும் என்பவர் ஜடேஜாவைக் காட்டுவார். காயத்தை யாரும் முன்கூட்டி அறிய முடியாது என்பவர் சாஹரைக் காட்டுவார். ஏலம் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வாதம் தீராததற்குக் காரணம் இதுவே.

சின்னப்பம்பட்டி நடராஜன்

பெருவிலையை வீரரின் பக்கமிருந்து பார்க்க உதவுவது த. நடராஜனின் வாழ்க்கை. அவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்தவர். தந்தை தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் சிறுகடை நடத்தியவர். ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடிவந்த அவரை ஜெயப்பிரகாஷ் என்னும் உள்ளூர் ஆதரவாளர் சென்னை லீக் கிரிக்கெட்டுக்கு அனுப்பிவைத்தார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். அந்த ஆட்டத்துக்குப் பின் அவருடைய பந்துவீச்சு முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. ஆட்டத்திலிருந்து விலகி, முறையைத் திருத்திக்கொண்டு அவர் மீண்டும் வர வேண்டியிருந்தது.

2016-இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு பிரீமியர் லீகைத் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக ஆடிய நடராஜன், தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் அடுத்தடுத்து யார்க்கர்கள் வீசியதைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்த்தது. 2017 பிப்ரவரி ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 இலட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு வாங்கியது.

அந்த அணியின் கிரிக்கெட் பொறுப்பில் இருந்தவர் வீரேந்தர் சேவாக். உள்ளூர் முதல்தரப் போட்டிகளில் அதிகம் ஆடாத ஒருவருக்கு இவ்வளவு பணமா என்று தம்மிடம் பலரும் கேட்டதாக அவர் பின்னாளில் கூறினார். பணத்தைத் தாம் பார்க்கவில்லை, திறமையைத்தான் பார்த்தோம் என்பது அவர் தந்த விளக்கம். ஆனால் அந்தத் தொடரின் கணக்கு சேவாக்குக்குச் சாதகமாக இல்லை. நடராஜன் ஆடியது 6 ஆட்டங்கள், எடுத்தது 2 விக்கெட்டுகள். பஞ்சாப் அவரை விடுவித்தது.

2018 ஏலத்தில் ஐதராபாத் அணி அவரை 40 இலட்சத்துக்கு வாங்கியது. முந்தைய விலையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவருக்கு ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. 2020-இல் வாய்ப்பு வந்தபோது 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள் எடுத்தார். அதே ஆண்டு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா வென்ற டெஸ்ட் அவருடைய முதல் டெஸ்ட். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி மக்கள் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தனர்.

அதன்பின் அவருடைய விலை 2022-இல் 4 கோடி ஆனது. 2024-இல் 19 விக்கெட்டுகள் எடுத்து ஐதராபாத் இறுதியாட்டம் செல்ல உதவினார். 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது. ஆனால் 2025 தொடரில் அவருக்கு மிகச் சில ஆட்டங்களே வாய்த்தன. 40 இலட்சம் பெற்ற 2020-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் திருப்புமுனை, 10.75 கோடி பெற்ற ஆண்டில் அவர் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். ஒரே வீரரின் வாழ்விலேயே விலையும் விளைவும் இப்படி எதிரெதிராகச் சென்றுள்ளன.

2017-இல் ரசிகர்கள் வீண் என்று எழுதிய 3 கோடிக்கு வேறொரு கணக்கும் உண்டு. நடராஜன் தம் ஊரில் கிரிக்கெட் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஜி. பெரியசாமி, 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் சேப்பாக் அணிக்காக ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்திக் கோப்பை வெல்ல உதவினார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் நடராஜன் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். பஞ்சாப் அணியின் புள்ளிப்பட்டியலில் இவை எதற்கும் இடமில்லை. சென்னைக்குப் போய்த் தங்க முடியாததால் ஆட்டத்தைக் கைவிட்ட முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால்தான் இவற்றின் எடை தெரியும்.

வருண், ஷாருக்: அதே பாதை

நடராஜனின் அனுபவம் தனித்த ஒன்றன்று. தமிழ்நாடு பிரீமியர் லீகில் மதுரை அணிக்காக ஆடிக் கவனம் பெற்ற வருண் சக்கரவர்த்தியை, 2018 டிசம்பரில் அதே பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கியது. அடிப்படை விலை 20 இலட்சம். அவருடைய முதல் ஓவரில் 25 ரன்கள் போயின. அந்த ஒரே ஆட்டத்தோடு காயமடைந்தார், விடுவிக்கப்பட்டார். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020-இல் அங்கே 17 விக்கெட்டுகள் எடுத்து, இந்திய அணிக்கும் சென்றார்.

கோவை அணியின் தலைவராக அறியப்பட்ட ஷாருக் கான் 2020 தொடருக்கான ஏலத்தில் விலைபோகவில்லை. 2021-இல் 5.25 கோடி, 2022-இல் 9 கோடி என உயர்ந்தார். 9 கோடி பெற்ற ஆண்டில் சில ஆட்டங்களுக்குப்பின் பஞ்சாப் அணியின் ஆடும் பதினொருவரில் அவர் இடம் இழந்தார். பின்னர் குஜராத் அவரை 7.4 கோடிக்கு வாங்கியது.

மூவருக்கும் பெருவிலை கொடுத்தது ஒரே அணி. ஒரு திறமையைப் பிறர் அறியுமுன் கண்டறிந்து, அது பழுக்குமுன் விட்டுவிடுவது அவ்வணியின் வழக்கமாக இருந்தது. நடராஜன், வருண் இருவரின் பயனையும் அடுத்து வந்தவர்களே குறைந்த விலையில் பெற்றனர். கண்டறிந்தது சரி, காத்திருக்காததே தவறு என்பது இந்த வரலாற்றிலிருந்து ரசிகர்கள் எடுக்கத்தக்க முடிவு.

கோவை அணியும் 2023 ஏலமும்

தமிழ்நாடு பிரீமியர் லீகில் முதல் ஏழு ஆண்டுகள் ஏலம் கிடையாது. அணிகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. முதல் ஏலம் 2023 பிப்ரவரியில் மகாபலிபுரத்தில் நடந்தது. ஓர் அணியின் செலவு வரம்பு 70 இலட்சம். லைகா கோவை கிங்ஸ் அணி, சாய் சுதர்சனை 21.6 இலட்சத்துக்கு வாங்கியது. ஏலத்தின் உச்ச விலை அதுதான். அணியின் வரம்பில் ஏறத்தாழ 31 விழுக்காடு. 2008-இல் சென்னை தோனிக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய இதே பங்குதான்.

வியப்பு என்னவென்றால், அப்போது குஜராத் அணியில் சாய் சுதர்சன் பெற்றுவந்த ஐ.பி.எல். ஊதியம் 20 இலட்சம். மாநிலத் தொடர் தேசியத் தொடரைவிட அதிகம் கொடுத்தது. சில மாதங்களில், 2023 ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக அவர் 47 பந்துகளில் 96 ரன்கள் எடுத்தார். ஜூன் மாதம் கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் தொடங்கிய தமிழ்நாடு லீகிலும் முதல் ஆட்டத்திலேயே அரைச்சதம் கடந்தார். விலை தகும் என்ற கட்சி வென்றுவிட்டது போலிருந்தது.

ஆனால் வேறு போட்டிகளுக்கான அழைப்பு வந்ததால் அவர் தொடரின் நடுவே விலகினார். 2023 ஜூலை 12 அன்று நெல்லை அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் இல்லை. சுரேஷ் குமார், முகிலேஷ், அதீக் உர் ரகுமான் ஆகியோர் அரைச்சதம் அடிக்க, கோவை 104 ரன் வேறுபாட்டில் வென்றது. முந்தைய ஆண்டு இறுதியாட்டம் மழையால் கைவிடப்பட்டுச் சேப்பாக் அணியோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்ட கோவைக்கு இது முழுமையான வெற்றி. அணியைக் கோப்பைவரை கொண்டுசென்றதில் 21.6 இலட்சத்துக்கும் பங்குண்டு. கோப்பையைக் கையில் வாங்கித் தந்தது மற்றவர்கள்.

இங்கு எழுந்த இன்னொரு வாதம் மண்ணின் மைந்தர் பற்றியது. கோவை அணியின் பெயர்பெற்ற ஷாருக் கான், சாய் சுதர்சன் இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள். சேலத்து நடராஜனோ தொடக்கத்தில் ஆடியது திண்டுக்கல் அணிக்கு. ஊரின் பெயரைத் தாங்கிய அணி ஊர்ப் பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. கோப்பை வந்தால் போதும் என்பது மறுதரப்பு. ஏல முறை ஊரைப் பார்ப்பதில்லை. ஆனால் ரசிகர் பார்க்கிறார். கோவை, திருப்பூர், சேலம் என மூன்று அணிகள் கொங்குப் பகுதிக்கு இருப்பதும், 2025-இல் திருப்பூர் அணி முதன்முறை கோப்பை வென்றதும் இந்த வாதத்தை மேலும் கூர்மையாக்கின.

கபடி ஏலத்தில் ஒரு சான்று

இதே கேள்வி கபடியிலும் வந்தது. புரோ கபடி லீகில் தமிழ் தலைவாஸ் அணி 2022-இல் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. அதுவரை அந்த லீகில் எவருக்கும் தரப்படாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் தொடரிலிருந்து விலகினார். ரசிகர்கள் அத்தோடு நம்பிக்கை இழந்தனர். ஆனால் நரேந்தர் என்னும் இளம் ரெய்டர் பொறுப்பை ஏற்க, அதுவரை கடைசி வரிசைகளில் இருந்த அவ்வணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. பெருவிலை வீரர் இல்லாத இடம் ஓர் இளைஞருக்கு வாசலாக அமைந்தது.

பேஸ்பால்: நீண்ட ஒப்பந்தத்தின் சுமை

அமெரிக்காவில் இவ்விவாதம் இன்னும் பழையது. அங்கே பேஸ்பால் வீரர் நெடுங்காலம் ஓர் அணிக்கே கட்டுப்பட்டவராக இருந்தார். கர்ட் ஃபிளட் என்னும் வீரர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்று 1972-இல் தோற்றார். 1975-இல் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பால்தான் வீரர்கள் விரும்பிய அணியோடு ஒப்பந்தம் பேசும் உரிமை பெற்றனர். பெருவிலையைக் குறைகூறும் ரசிகர் மறக்கக்கூடாத பின்னணி இது: விலை பேசும் உரிமையே ஒரு போராட்டத்தின் பயன்.

அங்கே அணியின் பொது மேலாளர்தான் ஒப்பந்தங்களுக்குப் பொறுப்பாளர். ரசிகர் கோபமும் அவர்மேல்தான் விழும். 2000 டிசம்பரில் டெக்சாஸ் அணி அலெக்ஸ் ரோட்ரிகஸோடு பத்தாண்டுக்கு 25.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அவர் சிறப்பாக ஆடினார். அணியோ 2001 முதல் 2003 வரை தன் பிரிவில் கடைசியாகவே வந்தது. 2004-இல் அவரை நியூயார்க் அணிக்கு மாற்றியபோதும் ஊதியத்தில் ஒரு பகுதியை டெக்சாஸே ஏற்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் 2002-இல், மிகக் குறைந்த செலவு செய்த அணிகளில் ஒன்றான ஓக்லாந்து, பொது மேலாளர் பில்லி பீனின் தேர்வுகளால் 103 ஆட்டங்கள் வென்றது.

பேஸ்பால் ஒப்பந்தம் உறுதியளிக்கப்பட்டது. காயமடைந்தாலும், அணி விடுவித்தாலும் பணம் வந்து சேரும். சுமை அணிக்கு, பாதுகாப்பு வீரருக்கு. இந்திய ஏலத்தில் நிலை தலைகீழ். அணி ஓராண்டில் கைகழுவலாம். 3 கோடி வீரர் மறு ஏலத்தில் 40 இலட்சத்துக்கு வந்து நிற்கலாம். எனவே அமெரிக்க ரசிகர் மேலாளரைத் திட்டும் இடத்தில், நம் ரசிகர் பெரும்பாலும் வீரரைத் திட்டுகிறார். விலையை முடிவு செய்தவர் ஏல மேசையில் இருந்தவர். கேலிக்கு ஆளாவது களத்தில் நிற்பவர்.

மதிப்பீடு

ஏல விலை மூன்றைப் பொறுத்தது: அன்று அணியின் கையில் மீதமிருக்கும் பணம், அந்த வகை வீரர் எத்தனை பேர் மீதமிருக்கிறார்கள், எதிரே போட்டிக்கு எத்தனை பேர் கையுயர்த்துகிறார்கள். வீரரின் திறமை இவற்றுக்குள் ஒரு பகுதி மட்டுமே. இரண்டு அணிகள் போட்டியிட்டால் 10 இலட்சம் 3 கோடி ஆகும். ஒன்று விலகிக்கொண்டால் 40 இலட்சத்தில் நிற்கும். வீரர் இரண்டு நாளிலும் ஒருவரே.

விவாதம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. வரம்புக்குட்பட்ட பணத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று நிர்வாகத்தைக் கேட்பது ரசிகரின் உரிமை. சாஹர் இல்லாதபோது மாற்று ஏற்பாடு இருந்ததா, வருணுக்கு இரண்டாம் ஆண்டு ஏன் தரப்படவில்லை என்பன நியாயமான கேள்விகள். அவை மேசையில் இருந்தவர்களிடம் கேட்கப்பட வேண்டியவை. தறிக்கூடத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தமக்குத் தாமே விலை சொல்லிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது 10 இலட்சம். மீதி பிறர் சொன்னது. சின்னப்பம்பட்டி மைதானத்தில் இன்று ஆடும் சிறுவர்களில் யாரேனும் நாளை ஏலத்துக்கு வரும்போது, இந்த வேறுபாட்டை அறிந்த ரசிகர் கூட்டம் அவருக்குக் கிடைப்பது அவசியம்.